‘லென்ஸ் போச்சு’ என்று சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போகி வருகிறது. பரண் ஒழிக்கிற வீடுகளில், அட்டைப்பெட்டிக்குள் பத்துப் பதினைந்து வருடம் தூங்கிய சிடி பிளேயர்கள் கீழே இறங்கும். தூசி தட்டி, பிளக்கைச் சொருகிப் பார்ப்பார்கள். டிரே திறக்காது. அல்லது திறந்து மூடி, கொஞ்சம் முனகிவிட்டு ‘நோ டிஸ்க்’ என்று காட்டும். மறுநாள் அது காயலான் கடைத் தராசில் ஏறிவிடும். மனசு கேட்காதவர்கள் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப் போவார்கள். அங்கே பல இடங்களில் மேல் மூடியைக் கழற்றும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: ‘லென்ஸ் போச்சு சார், பார்ட்ஸ் கிடைக்காது.’

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. லேசர் டையோடு எரிந்த மணிநேரத்துக்குத்தான் தேய்கிறது. சும்மா கிடந்த வருடங்கள் அதைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பரணில் வயதாவது வேறு பொருள்கள்: பெல்ட்டின் ரப்பர், பிக்கப் (லேசரும் லென்ஸும் சேர்ந்த, சிடியைப் படிக்கும் பகுதி) ஓடும் தண்டவாளத்தில் தடவிய கிரீஸ், கண்டென்சருக்குள் இருக்கும் ஈரம், சுவிட்சின் செப்பு நாக்கு. உள்ளே வைக்கும்போது பாடிய செட் வெளியே எடுத்தபோது பாடவில்லை என்றால், சந்தேகம் முதலில் இவற்றின் மேல் விழ வேண்டும். எந்த வரிசையில் பார்ப்பது என்று தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இந்தக் கடிதம். வீட்டில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கும் கடை வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த விசிடி பிளேயர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அவற்றில் பலவற்றுக்குள் இருப்பதும் இதே சிடி பிக்கப்தான்.

பிளக்கை உடனே சொருகக் கூடாது. முதலில் செட்டின் முதுகைப் பாருங்கள். ஜப்பானில் விற்ற செட் 100 வோல்ட்டுக்கானது, அமெரிக்காவில் விற்றது 120 வோல்ட்டுக்கானது. நம் சுவரில் வருவது 230. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த பல செட்டுகளின் பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கும். அது 220-240 பக்கம் நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே செட்டின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பழைய மாடல்கள் பலவற்றில், எடுத்துப்போகும்போது பிக்கப் ஆடாமல் இருக்க ஒரு பூட்டுத் திருகு உண்டு. பெட்டியில் கட்டியவர் பொறுப்பாக அதை முடுக்கியிருப்பார், இன்று பிரித்தவருக்கு அது தெரியாது. பூட்டிய பிக்கப் எப்படி நகரும்?

அடுத்து மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். நம் ஊர்ப் பரணில் கிடந்த செட்டுக்குள் பல்லி முட்டை ஓடும் கரப்பான் எச்சமும் கட்டாயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். காய்ந்த எச்சம் போர்டில் செப்புக்கோட்டை அரிக்கும். காற்றில் ஈரம் ஏறினால் மின்சாரமும் அதன் வழியே கசியும். மெல்லிய பிரஷ்ஷை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு, ஒரு நாள் உலர விடுங்கள். ப்ளோயரை பிக்கப் பக்கம் நேராகத் திருப்ப வேண்டாம். லென்ஸைத் தாங்குபவை தலைமுடி கனத்துக் கம்பிகளோ மெல்லிய பிளாஸ்டிக் கீலோதான். காற்றின் வேகத்தில் அது கோணிக்கொள்ளும்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது சீரிஸ் பல்பு வழியாக, அதாவது செட்டுக்குப் போகும் ஒரு வயரின் நடுவில் தொடராக இணைத்த பல்பு வழியாகக் கொடுப்பது நல்லது. 60 வாட் குண்டு பல்பு போதும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. சாதாரண டிரான்ஸ்பார்மர் செட் என்றால் பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிடும். மங்காமல் பிரகாசமாக நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே பிடுங்கிவிடுங்கள். எலக்ட்ரோலிடிக் கண்டென்சரின் உள் தகட்டில் இருக்கும் ஆக்சைடு படலம் நீண்ட ஓய்வில் மெலிந்துபோகும்; திடீரென முழு வோல்டேஜ் ஏறினால் கசிவு அதிகமாகிச் சூடாகும். பல்பு அந்த அடியைக் குறைக்கிறது. டிவிடி பிளேயர் போல, கனமான டிரான்ஸ்பார்மர் இல்லாத எஸ்எம்பிஎஸ் சப்ளை உள்ள செட்டுகள் சீரிஸ் பல்பில் விட்டுவிட்டு எரியலாம், அதை மட்டும் கோளாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எஸ்எம்பிஎஸ் செட்டில் பெரிய கண்டென்சர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கடிக்கும்.

இனி முக்கியமான விஷயம். சிடி பிளேயர் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி கோளாறு தெரிந்துவிடும். டிரே மூடியதும் பிக்கப் தண்டவாளத்தில் உள்நோக்கி, நடுத்துளைப் பக்கமாக ஓடி, உள்முனைக்கு வந்ததைத் தெரிவிக்கும் லிமிட் சுவிட்சைத் தொட்டு நிற்கும். அடுத்து லேசர் எரியும். லென்ஸ் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஏறி இறங்கி ஃபோகஸ் தேடும். ஃபோகஸ் கிடைத்தால்தான் சிடி சுழலத் தொடங்கும். சில மாடல்களில் இரண்டும் கூடவே நடக்கும். சுழன்றதும் சிடியின் உள்விளிம்பில் எழுதியிருக்கும் அட்டவணையைப் படித்து, எத்தனை பாட்டு, எத்தனை நிமிடம் என்று திரையில் காட்டும். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. இசைத்தட்டுக்கு நேர் எதிர். திரையில் வருகிற ‘நோ டிஸ்க்’ என்ற ஒரே செய்திக்குப் பின்னால் இத்தனை படிகள் இருக்கின்றன. பிக்கப் உள்ளே ஓடவே இல்லையா, ஓடியும் லென்ஸ் அசையவில்லையா, லென்ஸ் அசைந்தும் சிடி சுழலவில்லையா, சுழன்றும் படிக்கவில்லையா? நான்குக்கும் மருந்து வேறு வேறு.

மூடி திறந்த நிலையில் இதைப் பார்க்கும்போது கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும். சிடி லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர். கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத அகச்சிவப்பு அது. பக்கவாட்டில் பார்த்தால் மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும். மங்கலாகத் தெரிவதால் வலுவில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. நேர் மேலிருந்து லென்ஸுக்குள் பார்க்கவே கூடாது. லேசர் எரிகிறதா என்று அறிய கைபேசி கேமராவை ஒரு அடி தள்ளிச் சாய்வாகக் காட்டினால் போதும், வெளிர் ஊதாப் புள்ளி தெரியும். பின்கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருந்தால் முன்கேமராவில் முயலுங்கள்.

டிரே திறக்கவில்லை என்றால் பெல்ட்டைப் பாருங்கள். மோட்டார் ‘ஹ்ம்’ என்று சுழலும் சத்தம் கேட்டு டிரே மட்டும் அசையாமல் இருந்தால், அநேகமாகப் பெல்ட்தான். சிடியைப் பிடித்து வைக்கும் மேல் வட்டில் காந்தம் இருக்கிறது. டிரே வெளியே வர வேண்டுமானால் முதலில் அந்தக் காந்தப் பிடி விட வேண்டும், அதற்குத்தான் மோட்டாருக்கு அதிக இழுவை தேவை. தளர்ந்த பெல்ட் அந்த ஒரு கணத்தில் வழுக்கிவிடும். நடுவில் சிடி இல்லாதபோது காந்தம் இன்னும் நெருங்கிப் பிடிக்கும். அதனால்தான், உள்ளே சிடி இருந்தால் திறக்கிற டிரேகூட சிடி இல்லாவிட்டால் திறக்காது, அல்லது விரல் நகத்தால் இழுத்தால் வந்துவிடும். பல மெக்கானிசங்களில் அடிப்பக்கத் துளை வழியாகப் பல்சக்கரத்தைக் கையால் சுற்றி டிரேயை வெளியே கொண்டுவரலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள், இழுத்து உடைக்காதீர்கள்.

பழைய பெல்ட் சில நேரம் ரப்பராகவே இருக்காது. தார் போல உருகிப் புல்லியில் ஒட்டியிருக்கும், தொட்ட விரலில் கறுப்பு இரண்டு நாள் போகாது. அதை ஆல்கஹால் தோய்த்த பட்ஸால் புல்லியின் பள்ளம் வரை சுரண்டி எடுத்தாக வேண்டும். மிச்சம் இருந்தால் புதிய பெல்ட்டும் அதே கதிதான். அளவு எடுப்பது எளிது. பெல்ட் முழுசாக இருந்தால் வெட்டி நீட்டி அளந்து, அதைவிட 5 சதவீதம் குறைவாக வாங்குங்கள். உருகிப் போயிருந்தால் இரண்டு புல்லிகளையும் சுற்றி நூலை ஓடவிட்டு, அந்த நீளத்தில் 5 முதல் 10 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள். டிரே பெல்ட்டுகள் பெரும்பாலும் 1.2 மில்லிமீட்டர் சதுர வெட்டு கொண்டவை. டேப் ரெக்கார்டர் பெல்ட் விற்கிற கடையிலேயே கிடைக்கும். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று ரொம்பச் சின்னதாகப் போட்டுவிடாதீர்கள், மோட்டாரின் அச்சைத் தாங்கும் புஷ் ஒரு பக்கமாகத் தேயும். பழைய பெல்ட்டைச் சில நிமிடம் வெந்நீரில் போட்டால் சுருங்கி வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அது சில வாரத்துக்குத்தான் தாங்கும். கோளாறு பெல்ட்தானா என்று உறுதி செய்துகொள்ள அதைப் பயன்படுத்தலாம்.

அடுத்தது தண்டவாளம். பரணிலிருந்து வந்த செட்டில் அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான், அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான். பிக்கப் ஒரு பக்கம் எஃகுக் கம்பியிலும் மறுபக்கம் பிளாஸ்டிக் விளிம்பிலும் சறுக்கி ஓடுகிறது. தொழிற்சாலையில் தடவிய வெள்ளை கிரீஸ் வருடக்கணக்கில் எண்ணெயை இழந்து, மஞ்சளாகி, மெழுகு போலக் கெட்டியாகிவிடும். பல்சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றி, பிக்கப்பை உள்முனையிலிருந்து வெளிமுனை வரை ஓட்டிப் பாருங்கள். எங்காவது கனக்கிறதா, ஓரிடத்தில் தடைபட்டுத் துள்ளுகிறதா? முழுவதும் ஒரே கனமாக ஓட வேண்டும். உள்முனையில் ஓரிரு மில்லிமீட்டர் போகாமல் நின்றால்கூட லிமிட் சுவிட்ச் அழுந்தாது, அட்டவணையும் கிடைக்காது. செட் ‘நோ டிஸ்க்’ என்று சொல்லும், கடைக்காரர் ‘லென்ஸ் போச்சு’ என்று சொல்வார். முதல் ஆறேழு பாட்டு பாடி, கடைசிப் பாட்டுகளில் மட்டும் தாவினால் வெளிமுனையில் இதே கதை நடக்கிறது என்று பொருள்.

பழைய கிரீஸின் மேல் புதிய கிரீஸைத் தடவுவது பயன் தராது. கம்பியைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்றி, கம்பியை உருவி, ஆல்கஹால் தோய்த்த துணியால் பளபளக்கும் வரை துடையுங்கள். பிக்கப்பில் கம்பி நுழையும் துளைக்குள் பட்ஸை முறுக்கி விட்டு எடுங்கள். மஞ்சள் கறை வருவது நிற்கும் வரை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். பல்சக்கரத்தின் பல்லிடுக்கைப் பல்குத்தும் குச்சியால் கிளறுங்கள். நுண்ணிய விரிசலோ இரண்டு பல்லுக்கு நடுவில் சிறு கல் போன்ற கிரீஸ் உருண்டையோ இருந்தால் அங்கேதான் பாட்டு ஒவ்வொரு முறையும் நிற்கிறது. திரும்பப் பூட்டும்போது கம்பிக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி போட்டு, விரலால் பரப்பி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்குச் சிலிகான் கிரீஸ் கடுகளவு. அதற்கு மேல் வைத்தால் அது சிதறி லென்ஸில் உட்காரும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. சில மாதத்தில் சிக்குப் பிடிக்கும்; 24 டிகிரிக்குக் கீழே உறையும் பொருள் அது, மார்கழி விடியலில் தலைக்கு வைக்கும் எண்ணெய் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். துருநீக்கும் ஸ்பிரேயை இந்தப் பெட்டிக்குள் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புகை மொத்தமும் லென்ஸில் படியும். பெட்ரோல், தின்னர் இரண்டும் பிளாஸ்டிக்கைத் தின்னும்.

பிலிப்ஸின் பழைய மெக்கானிசங்களில், சிடிஎம்-1, சிடிஎம்-2, சிடிஎம்-4 போன்றவற்றில், தண்டவாளமே கிடையாது. பிக்கப் ஒரு கையில் உட்கார்ந்து, சுவர்க்கடிகாரத்தின் பெண்டுலம் போல வீசும். அங்கே கிரீஸ் தொல்லை இல்லை. அதன் பதிலுக்கு, ஆரம்ப கால பிலிப்ஸ் போர்டுகளில் மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் இணைக்கும் சிறு உலோகக் குழல்களின் சோல்டர் விரிசல் விடும். ஒரு நேரம் பாடும், தட்டினால் நிற்கும். ஒவ்வொரு குழலுக்குள்ளும் மெல்லிய கம்பி நுழைத்து இரு பக்கமும் மறுபடி சோல்டர் வைத்தால் செட் உயிர் பெறும். பொறுமை வேண்டும், பணம் அதிகம் வேண்டாம்.

லென்ஸ் துடைப்பதற்கு வருவோம். ஊதுபத்திப் புகையும் சமையல் புகையும் லென்ஸில் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். நேராகப் பார்த்தால் சுத்தமாகத் தெரியும், சாய்த்து விளக்கொளியில் பார்த்தால் நீலப் பளபளப்புக்குப் பதில் சாம்பல் பூத்திருக்கும். நல்ல பஞ்சுள்ள பட்ஸை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, அதை ஒரு காகிதத்தில் ஒற்றி, ஈரம் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். பட்ஸின் கனமே போதும், விரல் அழுத்தம் வேண்டாம். நடுவில் தொடங்கி வட்டமாக இரண்டு மூன்று சுற்று. பிறகு உலர்ந்த பட்ஸால் ஒரு முறை. சொட்டச் சொட்ட நனைத்தால் திரவம் லென்ஸுக்குக் கீழே இறங்கி, உள்ளேயிருக்கும் கண்ணாடியில் கறையாகக் காயும், அதைத் துடைக்க வழியில்லை. நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக் லென்ஸை ஒரே தடவையில் வெள்ளையாக்கிவிடும். செண்ட்டும் வேண்டாம். பிரஷ் ஒட்டிய ‘லென்ஸ் கிளீனர்’ சிடிகள் தூசியைத் தட்டுமே தவிர, புகைப்படலத்தை எடுக்காது.

லிமிட் சுவிட்சும் டிரே சுவிட்சும் வெறும் செப்பு நாக்குகள். ஈரக்காற்றில் கறுத்திருக்கும். தடிமனான விசிட்டிங் கார்டை ஆல்கஹாலில் நனைத்து, நாக்குகளுக்கு நடுவில் செருகி இழுத்தால் கறை வந்துவிடும். பிக்கப்பின் ரிப்பன் கேபிளைக் கழற்றி, முனையைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துடைத்து மறுபடி சொருகுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் கோடு உடைந்திருந்தால் கேபிளை மாற்றியே ஆக வேண்டும். முன்பக்கப் பட்டன்கள் ஒரு முறை அழுத்தினால் எடுக்காமல் நான்காவது முறை எடுத்தால், பட்டனுக்குப் பின்னால் இருக்கும் 6 மில்லிமீட்டர் டாக்ட் சுவிட்சை மாற்றுவது ஒன்றே தீர்வு.

சிடி சுழலத் தொடங்கித் தயங்கினால், அதைச் சுற்றும் ஸ்பிண்டில் மோட்டாரைப் பாருங்கள். சிடி உள்விளிம்பில் நிமிடத்துக்கு 500 சுற்று, வெளிவிளிம்பில் 200 சுற்று. ஆக, மோட்டாருக்கு அதிக வேலை தொடக்கத்தில்தான். களைத்த மோட்டாரில் அட்டவணை படிப்பதே பிரச்சினையாகும், எப்படியோ படித்துவிட்டால் கடைசிப் பாட்டு வரை பாடும். மோட்டாரின் இணைப்பைப் போர்டிலிருந்து பிரித்து, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துக்கொண்டு, சிடி உட்காரும் தட்டைக் கையால் மிக மெதுவாகச் சுற்றுங்கள். அளவு சில ஓம் அல்லது சில பத்து ஓமில் ஓரளவு நிலையாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் திடீரென நூற்றுக்கணக்கில் எகிறினால் உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் ஏறும் கம்யூட்டேட்டரில் கறை. இரண்டு பென்சில் செல், அதாவது 3 வோல்ட் கொடுத்து இரு திசையிலும் சில நிமிடம் ஓடவிட்டால் பல நேரம் அந்தக் கறை உதிர்ந்துவிடும். உதிராவிட்டால் மோட்டாரை மாற்றலாம். ஆனால் தட்டைப் பிடுங்கும் முன், அடித்தளத்திலிருந்து தட்டின் உயரத்தை வெர்னியரில் அளந்து எழுதி வையுங்கள். அரை மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் லென்ஸ் ஃபோகஸுக்குத் தவிக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் லேசர். பல சோனி பிக்கப்புகளில் ஒட்டியிருக்கும் சிறு லேபிளில் ஒரு மூன்று இலக்க எண் இருக்கும். அதைப் பத்தால் வகுத்தால் அந்த லேசர் புதிதாக இருந்தபோது எடுத்த மின்னோட்டம், மில்லிஆம்பியரில். 452 என்றால் 45.2. லேசருக்கு மின்சாரம் தரும் டிரான்சிஸ்டரின் எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவில் வோல்டேஜைப் பாருங்கள். 22 ஓம் ரெசிஸ்டரில் 1 வோல்ட் இருந்தால் ஏறத்தாழ 45 மில்லிஆம்பியர்; அந்த லேசர் இன்னும் இளசு. லேபிளைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் வயதாகிவிட்டது என்று கொள்ளலாம். ஆசிலோஸ்கோப் இருப்பவர்கள், பிக்கப் படித்த சிக்னலைக் காட்டும் ஆர்எஃப் டெஸ்ட் பாயிண்டில் வைரவைரமாக விழும் கோலத்தைப் பார்ப்பார்கள். மேனுவலில் சொன்ன உயரத்துக்கு, பெரும்பாலும் 1 வோல்ட்டுக்குச் சற்று மேல், கூர்மையாகத் தெரிந்தால் பிக்கப் நலம். இந்த இரண்டில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ‘லென்ஸ் போச்சு’ என்று சொல்ல எந்த அடிப்படையும் இல்லை.

பிரிசெட்டுகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். பிக்கப்பின் ஓரத்தில் ஒரு சிறு பிரிசெட், அதாவது ஸ்க்ரூடிரைவரால் திருப்பி அளவை மாற்றும் ரெசிஸ்டர் இருக்கும். அதைத் திருப்பினால் லேசர் வலு கூடும். படிக்காத செட் படிக்கவும் செய்யும். வாடிக்கையாளர் மகிழ்ந்து பணம் கொடுத்துப் போவார். நல்ல லேசர் ஒன்று அளவுக்கு மீறி எரிக்கப்பட்டு, சில மாதத்தில் செத்துப்போகும். லென்ஸில் புகை இருந்ததால் வெளிச்சம் குறைந்தது. துடைக்க வேண்டியதைத் துடைக்காமல் விளக்கைத் தூண்டிவிட்டார்கள். ஃபோகஸ், டிராக்கிங் என்று போர்டில் எழுதியிருக்கும் பிரிசெட்டுகளும் அப்படியே. தானாக இடம் மாறிவிடும் பொருள்கள் அல்ல அவை. தொட்டே ஆக வேண்டுமானால் நுனிப் பேனாவால் பழைய இடத்தைக் குறித்துவிட்டுத் தொடுங்கள். இந்தப் பிரிசெட்டுகளைத் திருகிக் கெடுத்த செட்டைச் சரிசெய்வது, பரணில் கிடந்ததைச் சரிசெய்வதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

பிக்கப் உண்மையிலேயே போயிருந்தாலும் முடிந்துவிடவில்லை. சோனியின் கேஎஸ்எஸ்-213 வரிசை, சான்யோவின் எஸ்எஃப்-பி101என் போன்றவை எத்தனையோ நிறுவனங்களின் செட்டுகளுக்குள் இருக்கின்றன, சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் தேடலாம். சான்யோவில் 15 பின், 16 பின் என இரண்டு வகை உண்டு, பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். இன்று விற்பவற்றில் நகல்கள் நிறைய. புதிய பிக்கப்பில் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒரு சொட்டு சோல்டர் வைத்திருப்பார்கள். நிலைமின்சாரத்திலிருந்து லேசரைக் காக்கும் பூட்டு அது. ரிப்பன் கேபிளைச் சொருகிய பிறகே அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் லேசர் எரியாது. முன்கூட்டியே எடுத்தால் விரல் பட்டே லேசர் சாகலாம். புதுசு போட்டும் வேலை செய்யவில்லை என்று திரும்பி வருகிற செட்டுகளில் இந்தச் சொட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பவர் சப்ளை பற்றிச் சுருக்கமாக: 5 வோல்ட் தரும் 7805 ஐசியின் வெளிமுனையில் 4.8 முதல் 5.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். உப்பிய, கசிந்த கண்டென்சர்களை அதே மைக்ரோஃபாரடில், அதே அல்லது கூடுதல் வோல்ட்டில், 105 டிகிரி ரகமாக, முனை மாறாமல் மாற்றுங்கள். திரை நேரத்தைக் காட்டி ஓடிக்கொண்டிருக்க, சத்தம் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு லேசரில் இல்லை. சத்தத்தை அடக்கும் மியூட் டிரான்சிஸ்டரிலோ, ஒலி சிக்னலை வெளியே அனுப்பும் ஓப்-ஆம்ப் ஐசிக்குப் போகும் மைனஸ் சப்ளையிலோ, பின்பக்க ஜாக்கில் பிடிப்பு விட்ட டிரை சோல்டரிலோ இருக்கிறது. கையடக்க செட்டுகளில் முதல் எதிரி உள்ளேயே மறந்த பேட்டரி. அல்கலைன் செல் கசிந்த வெள்ளைப் பொடி காரம், வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பட்ஸால் போகும். பிறகு ஆல்கஹாலால் துடைத்து உலர்த்த வேண்டும்.

சோதிக்கிற சிடி எது என்பதும் முக்கியம். கம்பெனியில் அச்சான, கீறல் இல்லாத ஒரிஜினல் சிடியை மட்டும் போட்டுப் பாருங்கள். வீட்டில் எரித்த சிடி-ஆர் ஒளியைக் குறைவாகவே திருப்பும். சிடி-ஆர்டபிள்யூ 15 முதல் 25 சதவீதம்தான் திருப்பும், பழைய செட்டுக்கு அது தெரியவே தெரியாது. 200 பாட்டு அடங்கிய எம்பி3 சிடியைப் போட்டுவிட்டுச் செட்டைக் குறை சொல்பவர்களும் உண்டு. பழைய பிளேயருக்கு அந்த மொழி புரியாது. சிடியின் அடிப்பக்கக் கீறலுக்கு அஞ்ச வேண்டாம். தடத்தின் நீளவாக்கில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் வரை தொலைந்தாலும் பிளேயர் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். பெயர் அச்சடித்த மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. அலுமினியப் படலம் அங்கே மெல்லிய பூச்சுக்குக் கீழேயே இருக்கிறது, கீழே 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காக்கிறது. துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் பிடிஓ என்ற சிடி தயாரிப்பு நிறுவனத்தின் ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான சிடிகளில் ஒரு பகுதி, ஓரத்திலிருந்து செம்பு நிறமாகி அழிந்துவருகிறது. மேல்நாட்டு இசை சேர்ப்பவர்கள் அவற்றை உடனே கணினியில் நகல் எடுத்துவிடுவது நல்லது.

பழுதுபார்க்கும் கடைக்காரர்களிடமும் தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்களிடமும் தங்கள் நாளிதழ் வழியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டிரே பெல்ட், தண்டவாளம், லிமிட் சுவிட்ச், மோட்டார் ஓம், லேசர் மின்னோட்டம்: இந்த ஐந்தையும் பார்த்து அளவுகளை ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பதை வழக்கமாக்குங்கள். மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிப் பலகை கிடைக்காது. ஒளி, காந்தம், மோட்டார், தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் சர்வோ எல்லாம் ஒரு சதுர அடிக்குள், பெரும்பாலும் குறைந்த வோல்டேஜில் இருக்கின்றன. வாசகர்களுக்கு: பிக்கப்பை மாற்றினேன் என்று கடையில் சொன்னால் பழைய பிக்கப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், லேபிளோடு. உண்மையிலேயே தேறாத செட்டைப் போகித் தீயில் போடாதீர்கள். மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பதிவு பெற்ற மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் டிரே மோட்டார், ஸ்பிண்டில் மோட்டார், டிரான்ஸ்பார்மர், நல்ல நிலையில் உள்ள ரிப்பன் கேபிள் ஆகியவற்றைக் கழற்றி, மாடல் எண் எழுதிய உறையில் போட்டு வையுங்கள். அதே மெக்கானிசம் உள்ள இன்னொரு செட் ஏதாவது ஒரு பரணில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆடியோ சாதனங்கள் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்,
திருச்சி.